அரைத் தூக்கத்தில் ஊட்டிய கஞ்சி

அன்புள்ள மாமா,

அங்கேயாவது நன்றாகத் தூங்குகிறீர்களா? கோபத்தில்தான் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தத் தூக்கத்துக்காகத்தானே அந்த மாத்திரையை அப்படிப் பிடித்துக்கொண்டீர்கள்!

பட்டுக்கடையில் நாள் முழுக்கப் புடவை விரித்துக் காட்டிய மனிதர், வேலையை விட்டு நின்றதும் தூக்கம் வரவில்லை என்றீர்கள். கொஞ்ச நாளைக்கு என்று டாக்டர் எழுதித் தந்ததை, மருந்துக்கடையில் அப்புறமும் சீட்டுக் கேட்காமல் முகத்தைப் பார்த்தே தந்துகொண்டிருந்தார்கள். பகலிலும் உங்களுக்குத் தலை தொங்கும். நம் வீட்டில்தான் யாரையும் வெறும் வயிற்றோடு படுக்க விடமாட்டோமே! கண் திறக்காத உங்களைத் தூக்கிப் பிடித்து அத்தை கஞ்சி ஊட்டுவார். நீங்களும் புரையேறிக்கொண்டே விழுங்குவீர்கள். அதை அன்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சளி என்றோம், கஷாயம் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று சொன்னபோது உங்களுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "மாத்திரை மட்டுந்தான் காரணம்னு சொல்ல முடியாதும்மா. ஆனா அந்த மயக்கத்துல இருமல் சரியா வராது. வாயில இருக்கிறது நுரையீரலுக்குப் போயிடும்" என்றார் டாக்டர். இதை முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா மாமா?

இப்போது வீட்டுச் சேதி கேளுங்கள். நீங்கள் போனதிலிருந்து அத்தைக்கும் தூக்கமில்லை. நெஞ்சில் சளி வேறு. போன வாரம் உங்கள் மகள், மல்லிகா அண்ணி, உங்கள் அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அரை மாத்திரதாம்மா. எங்கம்மா அழுதுக்கினே கெடக்குது, பாக்க முடியல."

"வேணாம் அண்ணி. மாமாவுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்க இல்ல?"

"எங்கம்மாவுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா? நீ நேத்து வந்தவ!"

சுருக்கென்றது. இருந்தாலும் அட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். நேரே மருந்துக்கடைக்குப் போய், சீட்டு இல்லாமல் எங்கள் வீட்டுக்குத் தூக்க மாத்திரை தந்தால் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன் என்றேன். மறுநாள் அத்தையை டாக்டரிடம் அழைத்துப் போனேன். "இந்தச் சளியோட தூக்க மாத்திர இப்ப வேணவே வேணாம்" என்று அவர் சொன்னதை, கூட வந்த அண்ணியும் கேட்டார். திரும்பும்போது ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நேற்று மாலை அத்தை கண் அசந்துவிட்டார். பால் டம்ளரோடு வந்த அண்ணி, அத்தையின் தலையைத் தூக்கக் கை நீட்டினார். நான் பதறி எழுவதற்குள் அவரே கையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"முழிச்சிக்கட்டும். அப்புறம் உக்கார வெச்சுக் குடுக்கலாம்" என்றவர், உடனே அழுதுவிட்டார். "அப்பாவுக்கும் இப்பிடிக் காத்துக்கினு உக்காந்திருக்கலாம் இல்ல?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பால் ஆறிப்போனது.

அத்தை இன்னும் சரியாகத் தூங்குவதில்லை. தூங்காவிட்டால் போகட்டும், நானும் அண்ணியும் மாறி மாறிக் கூட உட்கார்ந்திருப்போம். அத்தையை உங்களிடம் சீக்கிரம் அனுப்பிவைப்பதாக இல்லை மாமா. காத்திருங்கள்.

உங்கள் வீட்டு மருமகள்,
செல்வி