ஏழு சீட்டும் ஒரு கிளியும்

வில்லியனூர்
10 பிப்ரவரி 1936

மதிப்புக்குரிய என் கணவருக்கு, ருக்குமணி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கூசாமல் பொய் சொல்கிறவருக்கு என்ன குறை?

மாவடு போட அம்மா வீட்டுக்குப் போவதாகப் பக்கத்து வீட்டு அமுதத்திடம் சொல்லிவிட்டு வந்தேன். உண்மைக் காரணம் உங்களுக்கு மட்டும். மாடத்தைத் துடைக்கும்போது பிள்ளையாருக்குப் பின்னால் நீங்கள் சுருட்டி வைத்த ஏழு சீட்டும் அகப்பட்டன. பெட்டியில் இன்னும் வாசிக்காமல் இருக்கும் ஏழு பழைய நூல்களில் அடுத்து வாசிப்பது எது என்று திருவுளச்சீட்டுப் போட்டு எடுப்பதுதானே நம் ஏற்பாடு? பிரித்துப் பார்த்தேன். ஏழிலும் ‘நிகண்டு’ என்றே எழுதியிருந்தீர்கள்.

முதலில் வந்த பத்தாயிரம் பாட்டுத் தலபுராணமும், பிறகு வந்த போர்க் காவியமும் இப்படித்தான் வந்தனவா? மூன்று வருஷமாக விளக்கு வைத்ததும் நீங்கள் வாசிக்க, நான் புளி ஆய்ந்துகொண்டே கேட்டேன். நான் ஆசைப்பட்ட அந்தச் சின்ன உலா ஒருநாளும் வராதது என் ராசி என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையார் தலையில் பழியைப் போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

தொடங்கிய புராணத்தை முடிக்காமல் ஊருக்குப் போகக் கூடாது என்பது வழக்கம். அதை எல்லா நூலுக்கும் வைத்தவர் நீங்கள். காவியம் முடிந்தது, நிகண்டு தொடங்கவில்லை. அந்த இடைவெளியில் வண்டி ஏறிவிட்டேன்.

பசுவுக்கு உங்கள் கை பழக்கமில்லை. என் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு கறங்கள், உதைக்காது.

ருக்குமணி

*

பாகூர்
13 பிப்ரவரி 1936

அன்புள்ள ருக்குமணிக்கு,

உன் 10ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. அதில் கண்ட குற்றம் பரிசீலிக்கப்பட்டது. மறுப்பதற்கில்லை. காரணத்தை மட்டும் இப்போது கேட்காதே.

பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு எழுதுகிற குமாஸ்தா வீட்டில் பொய்ச் சீட்டு எழுதுகிறான் என்று தெரிந்தால், இந்த ஊரில் யார் எப்போது பிறந்தார்கள் என்பதே சந்தேகமாகிவிடும். ஆகவே ஏழு பெயரையும் ஏழு சீட்டில் முறையாக எழுதி, சேவகர் அந்தோணிசாமி முன்னிலையில் உறையிலிட்டு அரக்கு வைத்து அனுப்பியிருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து எதற்கு என்று கேட்டார். அரசாங்க ரகசியம் என்றேன்.

உனக்கு நம்பிக்கையானவர் யாரையாவது எடுக்கச் சொல். எது வந்தாலும் அதற்கு இருவரும் கட்டுப்படுவோம். உலா வந்தால் உலா.

புடவை யோசனை பலித்தது. பசு உதைக்கவில்லை. ஆனால் அமுதம், நீ திரும்பி வந்துவிட்டதாக நினைத்துப் பின்னாலிருந்து என்னிடம் மாவடு கேட்டாள்.

ஆதிமூலம்

*

வில்லியனூர்
17 பிப்ரவரி 1936

மதிப்புக்குரியவருக்கு,

உங்கள் உறையைக் கோயில் வாசல் கிளி ஜோசியர் கண்ணையனிடம் எடுத்துப்போனேன். அவருடைய கிளிக்கு எழுத்தும் தெரியாது, உங்களையும் தெரியாது. அதைவிட நேர்மையான ஆள் எனக்கு அகப்படவில்லை.

சீட்டுகளைப் பரப்பினார். கிளி வெளியே வந்து ஒன்றை மிதித்துக்கொண்டு போய், வேறொன்றை எடுத்தது. நிகண்டு! உங்கள் வேலைதான் என்று மற்ற ஆறையும் பிரித்தேன். ஆறும் வேறு வேறு. நீங்கள் யோக்கியமாக எழுதியிருந்தீர்கள். மிதிபட்டது உலா.

கலைத்துப் போட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். மறுபடியும் நிகண்டு. மூன்றாவது முறை கேட்டதற்குக் கிளி கூண்டுக்குள் போய்விட்டது.

அம்மாவிடம் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். “இன்னாடி இது, பொஸ்தகத்துக்கா கோச்சிக்கினு வந்தே? நாங்கல்லாம் சீலைக்குத்தான் வருவோம்” என்றாள்.

சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்புங்கள். யானைக்கு எத்தனை பெயர், குதிரைக்கு எத்தனை பெயர் என்று கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். ஆனால் அந்த நூலைக் கையில் எடுத்தாலே உங்களுக்குக் கொட்டாவி வருமே. அதைப் போய் ஏன் ஏழு சீட்டிலும் எழுதினீர்கள்?

ருக்குமணி

*

பாகூர்
20 பிப்ரவரி 1936

அன்புள்ள ருக்குமணிக்கு,

ஜெயித்துவிட்டேன் என்று கடிதத்தை வாசித்ததும் துள்ளினேன். பிறகு சோறு இறங்கவில்லை. கிளியே நியாயமாக நடக்கும்போது நான் மூடி மறைப்பது சரியில்லை.

நிகண்டு எனக்கும் பிடிக்காது. பெட்டியில் மிச்சமிருப்பதில் அதுதான் தடிமன். அதற்கு முன் காவியம், அதற்கும் முன் தலபுராணம். அடிக்கோலால் அளந்துதான் எடுத்தேன். கல்யாணமான புதிதில் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனாயே, அந்த ஒரு மாதம் இந்த வீட்டில் எனக்கு எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. நூல் முடியாவிட்டால் நீ ஊருக்குப் போக மாட்டாய். உலா நான்கே நாளில் முடிந்துவிடும்.

ஆகவே வண்டி அனுப்பவில்லை. கிளி சொன்னதற்காக நீ வர வேண்டாம். உன் இஷ்டம்.

ஆதிமூலம்

*

வில்லியனூர்
24 பிப்ரவரி 1936

மதிப்புக்குரியவருக்கு,

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. மூன்று தடவை வாசித்தேன். அழுதேன். அதற்கப்புறம் கோபம் வந்தது.

என்னைக் கட்டிவைக்கப் பத்தாயிரம் பாட்டு வாசித்தீர்கள். தொண்டை கட்டியபோது மிளகுக் கஷாயம் குடித்துவிட்டு வாசித்தீர்கள். ‘போகாதே, இரு’ என்று ஒருநாள் சொல்லியிருந்தால் இருந்திருப்பேனே! இப்போதும் ‘உன் இஷ்டம்’ என்றுதான் எழுதுகிறீர்கள். என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்கள் இஷ்டத்தை எழுதுங்கள்.

ருக்குமணி

*

பாகூர்
26 பிப்ரவரி 1936
எண் 1/1936

ருக்கு,

வா. நீ இல்லாமல் என்னால் முடியவில்லை.

ஆதிமூலம்

*

வில்லியனூர்
28 பிப்ரவரி 1936

என் அன்பானவருக்கு,

கடிதம் கிடைத்தது. பெண்டாட்டியைக் கூப்பிடுவதற்கும் எண் போட்ட குமாஸ்தா இந்தப் பாகூர்ச் சீமையில் நீங்கள் ஒருவர்தான். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய் என் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

வண்டி அனுப்பாதீர்கள், நீங்களே வாருங்கள். வந்தவுடன் எந்த நூலைத் தொடங்கலாம் என்று கேட்காதீர்கள். கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் ருக்கு