வாப்பாவின் கம்பியும் தெற்குத் திட்டின் நத்தையும்

அன்பு மகன் ஷாஹிமுக்கு, உம்மா ஹவ்வா சொல்ல, தங்கை நாஷியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நீ படிக்கப் போன அந்தக் குளிர் ஊரில் உன் இருமல் விட்டதா? தலைநகர் மாலே போகிறவர்களிடம் ஒரு புட்டி மீன்பசை கொடுத்தனுப்பியிருக்கிறேன், சூடான சோற்றில் பிசைந்து சாப்பிடு.

நம் தெற்குத் திட்டின் பவளத்தில் நத்தை விழுந்தது உனக்குத் தெரியும். கட்டைவிரல் நகத்தளவுதான், பவளக்கிளையின் அடியில் ஒட்டிக்கொண்டு சதையைத் தின்று வெள்ளை எலும்பை விட்டுப்போகிறது. அந்தத் திட்டின் பொடிமீன் இல்லாமல் சூரை மீன் பிடிக்க இரை ஏது, இரை இல்லாமல் வாப்பாவின் தோணி எங்கே போவது. பவளத்தைக் கம்பியால உடைக்காதீங்க, நத்தையைக் கையால பொறுக்குங்கன்னு நீ போனில் சொன்னாய். நாப்பது வருஷமா இந்தக் கம்பியால பவளத்தைத் தட்டித்தான் மீனை வலைக்கு விரட்டுறேன், நீ எனக்குக் கடலைக் காட்டுறியான்னு வாப்பா கேட்டுப் போனை வைத்துவிட்டார். நீங்கள் இருவரும் பேசி இரண்டு மாதமாகிறது.

மறுநாளே போய் நத்தை பிடித்த கிளைகளையெல்லாம் தட்டி உடைத்தார். பத்தே நாளில், உடைத்த இடத்தைச் சுற்றி முன்பைவிட மூன்று மடங்கு நத்தை. காயம்பட்ட பவளத்தின் வாடைக்கு அவை தேடி வருமாம், நாஷியா புத்தகத்தில் காட்டினாள். அன்று அவர் மீன்சாற்றைத் தொடவில்லை. பிறகு ஒரு விடிகாலை, நான் மீன்முள் பிடுங்கும் இடுக்கியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இப்போது தினமும் மூவரும் பொறுக்குகிறோம். என்னடி வாளி நிறையல, நத்தைக்குப் பாடம் நடத்துறியான்னு இவளைக் கேலி செய்கிறார். இந்தப் பருவம் அங்கே வலை போடுவதில்லை, இரைக்காக வடக்கே இரண்டு மணி நேரம் ஓட்டிப் போகிறார். பாதித் திட்டு போய்விட்டது மகனே. மீதி நிற்குமா தெரியவில்லை.

பொறுக்கிய நத்தையை வெயிலில் காயப்போடுகிறோம், அது போதுமா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். தான் கேட்டதாக எழுத வேண்டாம் என்றும் சொன்னார். அவர் தோற்றதைச் சொல்லிக்காட்டாதே. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் செய். வலை பின்னுகிற சாக்கில் பக்கத்திலேயே இருப்பார்.

அல்லாஹ் உன் நெஞ்சுக்குச் சூடும் படிப்புக்குப் பலனும் தரட்டும்.

உன் உம்மா,
ஹவ்வா

அண்ணா, இது உம்மா சொல்லாதது. அந்தக் கம்பியைத் தேடிப் பார்த்தேன். வாப்பா அதைக் கொல்லையில் நட்டு உம்மாவுக்குத் துணிக்கொடி கட்டிக் கொடுத்துவிட்டார். நாஷியா.