எட்டாவது பெயர்

மாசிலன், ஒஹாயோ
ஏப்ரல் 12

அன்புள்ள தம்பி கர்ட்டுக்கு,

அக்கா கார்லீன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் வீட்டில் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதையாவது கடைசி வரை படி.

நேற்று தேவாலயத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் ஊரே நீ ஆளெடுத்துக் கொடுக்கும் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றித்தான் பேசியது. பதினேழு ஆட்டத்தில் பதினைந்து தோற்றுக் கடைசியாக வந்ததற்குப் பரிசாக, இந்த வருடம் கல்லூரிப் பையன்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை உங்களுக்கு. என்ன பெருமை! முதலில் எடுக்க வேண்டியது பந்து எறியும் குவார்ட்டர்பேக்கையா, அவனைக் காக்கிற தடுப்பாளனையா என்று ஒரே சண்டை. பஸ் ஓட்டும் டூயி வாயில் மீனை வைத்துக்கொண்டே, "தடுக்கிறவன் மூஞ்சிய எவன்யா டிக்கெட் வாங்கிப் பாப்பான்? எறியறவன எடுக்கச் சொல்லுங்க!" என்று கத்தினான். கோட் போட்டுக்கொண்டு உன் ஆபீசில் பேசுகிறவர்களுக்கு இவனைவிட அதிக மூளை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோபித்துக்கொள், எனக்கென்ன. உங்கள் லட்சணம் என் தையல் கடைக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடத்தில் ஏழு குவார்ட்டர்பேக். ஒவ்வொருவனும் அடிபட்டுப் போனதும் இந்த ஊர்க்காரர்கள் உங்கள் அணியின் அதே நீலச் சட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். முதுகிலிருக்கும் பழைய பெயரைப் பிரித்துவிட்டுப் புதுப் பெயரைத் தைக்க வேண்டும். டூயியின் சட்டை முதுகு ஊசி குத்திக் குத்திச் சல்லடையாகிவிட்டது. ஆனால் இடது ஓரத்தில் ஒரு நல்ல தடுப்பாளனை நிறுத்த மட்டும் உங்களுக்குத் துப்பில்லை. எறிகிறவன் வலப்பக்கம் பார்த்து நிற்கும்போது அவன் முதுகுக்குப் பின்னால் நூற்றிருபது கிலோ ஆள் ஓடி வருகிறான். உங்கள் ஆள் அவனுக்கு வழிவிட்டு நிற்கிறான். சம்பளம் வேறு.

ஐந்தாவதாக வந்தானே பிரைஸ் கெல்லம், ஞாபகமிருக்கிறதா? நீ மறந்திருப்பாய். போன அக்டோபரில் கல்யாணத்துக்குச் சட்டையும் கோட்டும் மாற்றித் தைக்க என் கடைக்கு வந்தான். அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னேன். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. "பட்டன் வேணாம்மா, பிரஸ் பட்டன் வச்சுக் குடுங்க. ஒரு கையாலயே போட்டுக்குவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். வயது இருபத்தாறு. அவன் போனதும் கடைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

இப்போது நீ போன் பண்ணி, "அக்கா, நம்ம டெரின்தான் முதல் ஆளு, முடிவாயிடுச்சு" என்று குதிக்கிறாய். பந்து எறிகிற என் பிள்ளையை! தாய்மாமன் செய்கிற காரியமா இது? அவன் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருக்கிறான். ஆறு வயதிலிருந்து இதே கனவு. நான் இப்படி எழுதியது தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டான். பரவாயில்லை. இரண்டு கையையும் நன்றாகத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டட்டும்.

இன்று காலை டூயி சட்டையோடு வந்து நின்றான். "டோபெக்னு தைங்கக்கா. உங்க பையனோட குடும்பப் பேரு, உங்க கையாலயே" என்று பல்லிளித்தான். எழுத்துகளை வெட்டி வைத்துவிட்டேன். தைக்கத்தான் கை வரவில்லை. ஏழு பெயரைப் பிரித்திருக்கிறேன், கர்ட். யார் பெற்ற பிள்ளையோ என்று இருந்துவிட்டேன்.

இருபத்து நான்காம் தேதி உன் முறை வரும்போது தடுப்பாளனை எடு. டெரினை வேறு ஊர்க்காரன் பத்தாவதாக எடுக்கட்டும், எடுக்காமலே போகட்டும். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. கடவுள் உன் பெண்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். டூயியின் சட்டை பெயரில்லாமல் என் மேஜை மேல் கிடக்கிறது. அப்படியே கிடக்கட்டும், தம்பி.

இப்படிக்கு,
உன் அக்கா
கார்லீன்