பீமாவின் குறட்டை

செப்டம்பர் 14, ஞாயிறு

பீமா குறட்டை விட்டிருக்கிறான்! இதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

போன மாதம் வரை, நாங்கள் வீட்டைப் பூட்டிக் கிளம்பினாலே ஊளையிட்டு, நகம் பெயரும்வரை கதவைப் பிறாண்டிய நாய் இவன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் பயத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "நாய்க்குப் போய் பயத்துக்கு மாத்திரையா? எல்லாம் நீ குடுத்த செல்லம்" என்று அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான்.

மாத்திரையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று இன்று பார்த்துவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். சோபாவுக்கு அடியில் டேப் ரிக்கார்டரை ஓடவிட்டுவிட்டு, இருவரும் காய்கறி வாங்கப் போனோம். திரும்பும்போது பக்கத்து வீட்டுக் கன்னடக்கார கௌரம்மா வாசலில் நின்றார். "ஏன்ரீ, நாய ஊருக்கு அனுப்பிட்டீங்களா? சத்தமே இல்ல!"

உள்ளே வந்ததும் கேசட்டைப் போட்டோம். முதலில் கொஞ்சம் முனகினான். அங்குமிங்கும் நடந்தான். பொத்தென்று விழுந்து படுத்தான். அப்புறம் கேசட் தீரும் வரை ஒரே குறட்டை. பீமாவே எழுந்து வந்து ரிக்கார்டரை முகர்ந்தான். உள்ளே யாரோ தூங்குவதாக நினைத்தானோ என்னவோ, பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய், அங்கிருந்தே கேட்டார்.

"ராத்திரி மாத்திரைய நான் குடுக்கறேன். இட்லிக்குள்ளதானே வைக்கணும்?"