மூன்றடி டேப்பும் மேல்மலை நாவலும்

மதினி,

இன்று காலை நர்சரிக்குள் நுழைந்ததும் நாவல் பழ வாசனை. சாரல் தொடங்கிவிட்டதல்லவா, குற்றாலத்து மேல்மலை எஸ்டேட்டிலிருந்து இரண்டு கூடை வந்து இறங்கியிருந்தது. அந்த வாசனைக்கு எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அதற்குப் பின்னால்தான் நீங்கள் நினைவில் வந்து நின்றீர்கள்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்குக் கொழுந்தன் என்னையும் சேர்த்துச் சுமந்தவர் நீங்கள். கல்லூரியில் தாவரவியல் நடத்திவிட்டு, மாலையில் தென்காசிப் பேரரசின் நர்சரிச் சக்கரவர்த்தியான என்னிடம் வந்து, இரண்டு வரிசையாகப் பைகள் அடுக்கினீர்கள். ஒன்றில் அடிவாரத்து நாவல் விதை, மற்றதில் மேல்மலை நாவல் விதை. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே நிழல்வலை.

அடிவாரத்துக் கன்றுகள் ஒட்டகச்சிவிங்கிக்கு உறவு கொண்டாடின. மேல்மலைக் கன்றுகளோ முழங்காலைத் தாண்டவில்லை. இலை மட்டும் செருப்புத் தோல் போலத் தடிப்பு. என் சாம்ராஜ்யத்தில் ஒரு செடி நோஞ்சானாக நிற்பதா? நீங்கள் ஊரில் இல்லாத வாரம் பார்த்து, குட்டைகளுக்கு மட்டும் கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினேன்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே மூக்கைச் சுளித்தீர்கள். “என்ன கொழுந்தனாரே, குட்டைக்கு மட்டும் சம்பந்தி விருந்தா?”

“பாவம் மதினி, வளர மாட்டேங்கு.”

“வளராம இருக்கதுதான் அதுக்குப் பொழப்பே! ரெண்டுக்கும் ஒரே சாப்பாடுன்னாதான ஒப்பிட முடியும்? போச்சு, ஒரு வருசம் போச்சு!”

எல்லாப் பைகளையும் என்னையே கொட்டவைத்தீர்கள். அடுத்த சாரலில் முதலிலிருந்து போட்டோம். மறுபடியும் குட்டை குட்டைதான். இரண்டையும் ஜீப்பில் ஏற்றி மேல்மலையில் நட்டோம். காற்றுக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால், ஒட்டகச்சிவிங்கிகள் நுனி கருகி ஒடிந்து கிடந்தன. குட்டைகள் அணிவகுப்புப் போலீஸ்காரர்களாக நின்றன. அந்தக் காற்றையும் குளிரையும் தாங்கியவைதான் தலைமுறை தலைமுறையாக அங்கே விதை போட்டிருக்கின்றன, அந்தக் குணம் விதைக்குள்ளேயே இறங்கிவிட்டது என்றீர்கள். “கன்னு எத்தன அடின்னு கேக்காதீங்க. அது அம்மா எங்கன நின்னான்னு கேளுங்க.”

கேட்டேனா? நீங்கள் கண்ணை மூடிய மறு வருடமே, மேல்மலைச் சரிவில் மரம் வளர்க்கும் குழுவின் மேனேஜர் டேப்போடு வந்தார். மூன்றடி உயரம் வேண்டுமாம். அடிவாரத்துக் கன்றுகளை அளந்து அளந்து நானே லாரியில் ஏற்றினேன், மதினி. உங்களுக்குப் பிறகு கேட்க ஆளில்லை என்ற தைரியம். அத்தனையும் செத்தன. அந்தச் சரிவைப் போய்ப் பார்த்த நாளில் என்னை நானே திட்டிய திட்டில் ஐந்தருவி ஆறருவியாகியிருக்க வேண்டும். கேட்பதற்கு இல்லாமல் போன உங்களையும் சேர்த்துத்தான் திட்டினேன்.

இன்று அதே மேனேஜர், அதே டேப். போன வருடத்து மேல்மலைக் கன்றுகளைக் காட்டினேன்.

“என்ன அண்ணாச்சி, எல்லாம் குட்டையால்லா நிக்கி?”

“முன்ன மூணடில தந்தேன்லா, அது எங்க வே?”

“அது காஞ்சு போச்சு.”

“பெறவு?”

“ஆர்டர் பாரத்துல மூணடின்னுதான போட்டிருக்கு?”

எனக்கு வந்த கோபத்தில் தென்காசிக் கோயில் கோபுரத்துப் புறாக்கள் பக்கத்து ஊர் சுந்தரபாண்டியபுரத்துக்கே குடிபெயர்ந்திருக்கும். “அந்த டேப்பக் கொண்டு போய் மலைக்காத்த அளந்துட்டு வாரும்!” என்றேன். அவர் அடுத்த நர்சரிக்குப் போய்விட்டார். அங்கே மூன்றடி கிடைக்கும். அதுவும் சாகும். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

எஸ்டேட்காரரிடம் பேசிவிட்டேன். தன் பங்குச் சரிவில் நட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை குட்டைகளை நானே ஏற்றிக்கொண்டு போகிறேன். நாவல் விதை நாள் தாங்காது என்பதால், கூடையிலிருந்ததை இன்றே கழுவிப் பையில் போட்டாயிற்று. கையெல்லாம் ஊதா. இந்தத் தாளிலும் படிந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரிசையின் தலைமாட்டில் நீங்கள் எழுதி நட்ட பலகை இன்னும் நிற்கிறது. வருடா வருடம் எழுத்தின் மேல் நான்தான் பெயின்ட் ஓட்டுகிறேன்: ‘மேல்மலை. புண்ணாக்கு கிடையாது.’ குட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் கை பரபரக்கிறது, மதினி. பலகையைப் பார்க்கிறேன். வாளியைக் கீழே வைத்துவிடுகிறேன்.