டப்புக்குத்தான் வந்தோம்

பையைத் திறந்ததும் விரல் நுனியெல்லாம் கறுப்பு. உன் ஹெட்போன்தான். காதை மூடுகிற பஞ்சு உதிர ஆரம்பித்துவிட்டது. தொட்டால் மாவாகக் கொட்டுகிறது. மூக்கருகே கொண்டுபோனேன். தேங்காய் எண்ணெய், வேப்பிலை, எங்கோ அடியில் ஏரி உப்பு. யார் யார் தலையோ இன்னும் இதற்குள் இருக்கிறது, கேமரா. கட்சிக் கூட்டத்துக்குச் செய்தி எடுக்கப் போக வேண்டியவள், இதை மடியில் வைத்துக்கொண்டு கடம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வண்டியை விட்டாயிற்று. அடுத்ததையும் விடுவேன் போலிருக்கிறது.

உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. நீ டிவி சேனலுக்குப் படம் பிடிக்கிறவன், அதனால் கேமரா. நான் பத்திரிகை நிருபர், அதனால் உனக்கு நான் பேப்பரு. ஒத்த வயசு. ஒருத்தரை ஒருத்தர் வாராமல் நமக்கு டீ இறங்காது. உன் சேனல் ஆளுங்கட்சிப் பக்கம், என் பத்திரிகை எதிர்க்கட்சிப் பக்கம். ஊருக்கே தெரிந்த ரகசியம். ஆனால் போவதென்னவோ உன் வண்டியில்தான். செவ்வாப்பேட்டையிலிருந்து வந்து திருவள்ளூரில் என்னை ஏற்றிக்கொண்டு, பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு விடுவாய். "இன்னா பேப்பரு, நாம ரெண்டு பேரும் ஒரே வண்டில போறத பாத்தா கூட்டணின்னு நியூஸ் போட்டுடுவானுங்கோ" என்பாய்.

அந்தப் பயணங்கள் எல்லாம் இப்போது ஒரே பயணமாகிவிட்டன. ஆடி மாதத்து வேப்பிலைக் கட்டுகளும் மார்கழிப் பனியும் ஒரே சாலையில் எதிர்ப்படுகின்றன. மஞ்சள் புடவைப் பெண்கள் நடந்து போகிறார்கள். தூரத்தில் தொழிற்பேட்டைப் புகைக்கூண்டு தெரிகிறது, நெருங்க நெருங்கத் தள்ளிப் போகிறது. நீ ஏதோ சொல்கிறாய், காற்று அதைக் கொண்டுபோய்விடுகிறது. நான் கேட்ட மாதிரி தலையை ஆட்டுகிறேன்.

தனம்மா விஷயம் மட்டும் கலையாமல் தனியாக நிற்கிறது.

ஏரியில் ஒரு கம்பெனியின் கழிவு கலக்கிறது என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். பழவேற்காடு ஏரியோரக் குப்பம் ஒன்றிலிருந்து மீனவர்களும் வந்திருந்தார்கள். தார்ச்சாலையில் கானல் ஆடியது. கொடி, தலை, பந்தல் எல்லாம் தண்ணீருக்கடியில் அசைவதுபோல அசைந்தன. குப்பத்து ஆட்கள் கொண்டுவந்த டப்புச் சத்தம் மட்டும் திருத்தமாகக் கேட்டது. தோல் கட்டிய வட்ட மேளம் அது. நமக்குத் தப்பு, ஆந்திர எல்லையோரத்தில் டப்பு. கூட்டத்தின் ஓரமாகக் காலிக் கூடையோடு நின்ற தனம்மாவிடம் நீ மைக்கை நீட்டி, "இன்னாத்துக்கும்மா வந்தீங்கோ?" என்றாய்.

"எங்கூர்ல டப்பு அடிச்சா ஊட்டுக்கு ஒராளு வந்துடணும் நைனா, அது ஊர்க் கட்டு. படகு கவுந்தாலும் அடிப்போம், தண்ணி கெட்டாலும் அடிப்போம். டப்புக்குத்தான் வந்தோம். வேற இன்னாத்துக்கு வருவோம்?" என்று சொல்லிச் சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லாத நல்ல சிரிப்பு.

மதியம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். டிவியில் அவள் முகம் வந்தது. கீழே கொட்டை எழுத்தில், "பணத்துக்குத்தான் வந்தோம்: போராட்டத்துக்கு வந்த பெண் ஒப்புதல்." கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். திகில் படத்துக்குப் போடுவதுபோல ஒரு இசை, அதற்கடியில் அவள் பேச்சின் கடைசித் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப.

இந்தப் பக்கம் காசுக்கும் டப்பு என்றுதான் பெயர். வாயால் சொன்னால் இரண்டும் வேறு வேறு. மேளத்துக்கு உதடு இறுக மூடித் திறக்கும், காசுக்கு லேசாக அதிரும். தமிழில் எழுதிவிட்டால் இரண்டும் ஒரே டப்பு. சென்னையில் யாரோ கேட்டு எழுதி, வேறு யாரோ அந்த எழுத்தைப் பார்த்துத் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நீ உடனே அலுவலகத்துக்குப் போன் போட்டாய்.

"சார், அது டப்பு இல்ல சார், டப்பு!"

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ.

"ஐயோ, டப்பு சார், டப்பு! காசு இல்ல சார், மோளம்!"

கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கடைசியில் அவர்களுக்குப் புரிந்தது. புரிந்த பிறகு சொன்ன பதிலை, போனை வைத்துவிட்டு எனக்கு அப்படியே சொன்னாய்: "சரிப்பா, புரியுது. ஆனா நல்லா போய்க்கிட்டிருக்கு. இன்னிக்கு ஓடட்டும்." டீ ஆறிப்போயிருந்தது. "காது தப்பா கேக்கலாம் பேப்பரு, அது யாருக்கும் ஆவறதுதான். தப்புன்னு தெரிஞ்ச அப்பாலயும் ஓட்டிக்கினு கீறான் பாரு, அதுக்கு பேரு இன்னா?" என்றாய்.

"நியூஸ்" என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாளே குப்பத்திலிருந்து தகவல் வந்தது. மீன் விற்கப் போன பெண்களையெல்லாம் சந்தையில், "எவ்ளோ டப்பு வாங்குனீங்கோ?" என்று கேட்டுத் துரத்தியிருக்கிறார்கள். ஊர் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்று தனம்மா மேல் ஊருக்கே ஆத்திரம். நிஜமாகவே அவள் மட்டும் வாங்கிக்கொண்டாளோ என்று சந்தேகம் வேறு. ஏரியில் எந்த வீடு எப்போது வலை கட்டலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பாடு என்று பெயர். தனம்மா வீட்டுப் பாட்டை ஊர் நிறுத்திவிட்டது. பாடு இல்லாத வீட்டில் அடுப்பு எரியாது.

"போலாமா?" என்று கேட்டாய். போனால் உதைப்பார்கள் என்றேன். "உதைக்கட்டும், என் முதுகுலயும் டப்பு சத்தம் வருதான்னு பாப்போம்." மைக்கில் மாட்டியிருந்த சேனல் பெயர்ப்பெட்டியையாவது கழற்றித் தொலையேன் என்று கத்தினேன். "இத்த கழட்டிட்டு போனா நான் யாருன்னு சொல்லிக்கினு நிப்பேன்?" என்றாய். திட்டிக்கொண்டேதான் உன் வண்டியில் ஏறினேன்.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தண்ணீரும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. ஊர் ஆண்கள் படகுகளைச் சுற்றி நின்றார்கள். பெயர்ப்பெட்டியைப் பார்த்ததும் ஒருவன் பாய்ந்து வந்து உன் சட்டையைப் பிடித்தான். "நான்தான் எடுத்தேன். முழுசா கேட்டுட்டு அப்பால அடிங்கோ" என்றாய். கேமராவின் சின்னத் திரையை விரித்தாய். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் இந்த ஹெட்போனை எடுத்து ஊர்ப் பெரியவர் தலையில் மாட்டினாய்.

அவர் கேட்டார். கழற்றி அடுத்தவரிடம் கொடுத்தார், அவர் அடுத்தவரிடம். ஆண்கள் முடிந்து பெண்கள், பிறகு சட்டையைப் பிடித்தவன். ஒவ்வொரு தலையாக அது போய்க்கொண்டே இருந்தது. மாட்டிக்கொண்டவர் முகம் மட்டும் மாறுகிறது, சுற்றி நிற்பவர்கள் அந்த முகத்தைப் பார்க்கிறார்கள். டப்பு அடித்தவர் மாட்டிக்கொண்டபோது அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. அவள் பேச்சுக்குப் பின்னால் அவருடைய மேளம் கேட்டிருக்கிறது. ஏரியில் பறவைக் கூட்டம் ஒன்று எழும்பித் திரும்ப உட்கார்ந்தது. அது அன்றைக்குத்தானா, வேறொரு நாளா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. உன்னைக் கேட்டால் சொல்லியிருப்பாய்.

கடைசியாகத் தனம்மா மாட்டிக்கொண்டாள். "ஐய, இதான் என் கொரலா? தகரத்த தட்டினா மாரி கீது!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த ஊட்டு பாடு அந்த ஊட்டுக்கே போட்டும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாய்.

உன் சேனல் கடைசிவரை திருத்தம் போடவில்லை. பதிவை ஊருக்குப் போட்டுக் காட்டியதற்காக, இனிமேல் வரவேண்டாம் என்று உனக்குத்தான் சொல்லி அனுப்பியது. நான் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். என் அலுவலகத்தில் ஒரே கொண்டாட்டம். அச்சில் பார்த்தால், நான் 'என்றார்' என்று எழுதிய இடமெல்லாம் 'குமுறினார்'. தலைப்பு, 'ஆளுங்கட்சி சேனலால் கதறும் மீனவப் பெண்'. திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் வண்டியில் சாய்ந்தபடி நீ அதை எழுத்துக்கூட்டிப் படித்தாய்.

"எங்க கதறுனாங்கோ? சிரிச்சாங்கல்ல? என் ஆளுங்கோ அந்தம்மா வாயில காச வெச்சாங்கோ, உன் ஆளுங்கோ கண்ணுல தண்ணிய வெக்கிறாங்கோ. அந்தம்மா எங்க பேப்பரு இதுல?"

வேலை போனவன் பேசுகிற பேச்சா இது! உன்னைத் தூக்கிப் பிடித்த செய்தியையே நீ ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. அன்றைக்கு உன் வண்டியில் ஏறாமல் பஸ்ஸில் போனேன். பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தாய், கடங்காரா. மறுநாள் அலுவலகத்துக்குப் போய், என் 'என்றார்' மேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று சண்டை போட்டேன். அன்றிலிருந்து அங்கே எனக்குப் பட்டப்பெயர் 'என்றார் அம்மா'. உனக்கு அது தெரிந்ததும் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இல்லை.

பிறகு நீ கல்யாணமும் திருவிழாவும் எடுத்தாய். போன ஆடியில் பெரியபாளையத்தில் படம் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவன், எழுந்திருக்கவே இல்லை. இரண்டு கட்சியும் மாலை அனுப்பின. யார் மாலை மேலே இருப்பது என்று உன் காலடியில் முணுமுணுத்துக்கொண்டார்கள். நீ எழுந்து உட்கார்ந்து சிரிப்பாய் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். உன் மனைவிதான் ஹெட்போனை என் கையில் வைத்தாள். "நீயே வெச்சிக்கோக்கா. எங்க ஊட்ல யாரு இத்த மாட்டிக்கப் போறாங்கோ?" என்றாள்.

ஒருவழியாக வண்டி பிடித்து, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்துவிட்டேன். கும்மிடிப்பூண்டியில் ஆளுங்கட்சிக் கூட்டம். தொழிற்பேட்டைச் சீருடையோடு நின்ற ஒரு பெண்ணிடம், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்தேன். "லீவு வுட்டாங்கோ, வந்தோம்" என்றாள். அதே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, உன் ஹெட்போனை மாட்டி, அவள் சொன்னதைத் திரும்பக் கேட்டு அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"'மிரட்டி அழைத்து வந்ததாகக் குமுறினார்'னு வெச்சுக்கலாமா?"

"லீவு விட்டாங்க, வந்தோம்னு சொன்னாங்க. என்றார்னு போடுங்க."

"சப்புனு இருக்கே மேடம்."

"சப்புனுதான் சொன்னாங்க."

ஒருவேளை மிரட்டியிருக்கலாம். அப்படியென்றால் நாளைக்கு அவள் கம்பெனி வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். போகத்தான் போகிறேன். அதற்கு முன்னால் அவள் சொல்லாததை நான் சொல்லிவிட்டால், நாளைக்கு அவள் வேலையில் இருப்பாளா?

"அக்கா, காதெல்லாம் கறுப்பா கீதே" என்றார் டீக்கடைக்காரர். இருக்கட்டும் என்றேன். பதிவை இன்னொரு முறை ஓட்டினேன். அவள் குரலுக்குப் பின்னால், கூட்டத்துக்கும் அப்பால், எங்கோ ஒரு டப்பு அடித்துக்கொண்டிருந்தது. நேரில் நின்றபோது என் காதில் விழவே இல்லை. ஊட்டுக்கு ஒராளு வந்துடணும் என்றாளே தனம்மா. உன் வீட்டிலிருந்து இனி யார் வருவார்கள்?

நான் வந்திருக்கிறேன், கேமரா. டப்புக்குத்தான் வந்தேன்.