புது ஃபான் பெல்ட் எங்கே இருக்கிறது
கணவர் குணநாயகம் கந்தோர் வேலைக்கு ரயிலில் போன பிறகு, வெள்ளவத்தை வீட்டில் தவமலர் நாட்காட்டித் தாளொன்றைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். காரில் ரப்பர் எரிகிற மணம் வருகிறது என்று நேற்று விருந்தாளிகளுக்கு முன்னால் சொல்லிவிட்டாள். கணவர் சிரித்தார். "அது காரில்லை, எண்பத்திமூண்டு. இவவின்ர மூக்கு இன்னும் அந்த ஒழுங்கையிலதான் நிக்குது." எல்லோரும் சிரித்தார்கள். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில், அந்தக் குறுகிய ஒழுங்கையில்தான் அவளுடைய தம்பியின் கழுத்தில் டயரைப் போட்டு எரித்தார்கள்.

பேனை தாளைக் கிழிக்கும்படி அழுத்தி எழுதினாள்:

"இஞ்சேருங்கோ, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைச்சிருக்கு. கார்த் திறப்பு ஆணியில தொங்குது. கராஜ் அலவி நானாவைக் கூப்பிட்டுக் காட்டினனான். பொனட்டைத் திறந்த உடன அவருக்கும் மணந்தது. ஃபான் பெல்ட் தளர்ந்து, வழுக்கி வழுக்கிக் கருகிப்போச்சாம். புதுசு கொண்டு வந்தவர். பூட்ட வேண்டாம் எண்டு நான்தான் மறிச்சனான். பழசோட ஓடுங்கோ. அது அறுந்து செக்பொயின்ருக்கு முன்னால கார் நிண்டால், ஆமிக்காரனுக்கும் அந்தப் பகிடியைச் சொல்லுங்கோ. அவனும் சிரிக்கட்டும். நான் அக்கா வீட்டை போறன்."

கையெழுத்துப் போட்டு எழும்பியவள், திரும்ப உட்கார்ந்து தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"குழம்புக்கு உப்புக் காணாது, போட்டுச் சாப்பிடுங்கோ.

புது பெல்ட்டைத் தேடாதேங்கோ. சாமியறையில தம்பியின்ர படத்துக்கு மாலையாப் போட்டிருக்கிறன். தேவையெண்டால், அவன்ர முகத்தைப் பார்த்துச் சிரிச்சுப்போட்டுக் கழட்டுங்கோ."